கப்பல் கேட்கும் சான்றுகளும் கேட்காத தடுப்பூசிகளும்

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முன் மருத்துவ ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "கப்பலில் ஏற எந்தெந்த ஊசி கட்டாயம், டாக்டர்?" பயண மருத்துவத்தில் பணிபுரியும் எனக்கு இதற்குப் பதில் சொல்வது கடினமில்லை. ஆனால் அந்தப் பதிலோடு அவர் எழுந்து போய்விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். கட்டாய விதிகள் கப்பலையும், அது தொடும் துறைமுகங்களையும், அங்கு வாழும் மக்களையும் காப்பதற்காக வகுக்கப்பட்டவை. பயணியின் தனிப்பட்ட உடல்நலம் அவற்றின் முதன்மை நோக்கமல்ல. ஆகவே நிறுவனம் எதையும் கேட்கவில்லை என்பதாலேயே உங்களுக்கு எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதேபோல், நிறுவனம் கேட்கும் ஊசி உங்கள் உடலுக்கு ஒத்துவராததாகவும் இருக்கலாம்.

முதலில், கேட்பது யார் என்பதைப் பார்ப்போம். கப்பல் நிறுவனம் தன் பயண ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகளை வைக்கிறது. கப்பல் தொடும் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி சிலவற்றைக் கேட்கிறது. இவற்றுக்கெல்லாம் மேல், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. இந்த மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2021-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தடுப்பூசிச் சான்றை வாடிக்கையாளரிடம் கேட்கக் கூடாது என்று வணிக நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. சான்று இல்லாதவர்களை ஏற்ற முடியாது என்ற ஒரு கப்பல் நிறுவனம் நீதிமன்றம் சென்று, அவ்வாண்டு ஆகஸ்டில் அந்தத் தடைக்கு இடைக்கால நிறுத்தம் பெற்றது. நடுவில் சிக்கிக்கொண்ட பயணிக்குச் சட்ட நுணுக்கத்தால் எந்தப் பயனும் இல்லை. ஏறும் நாளன்று கையில் எது இருக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை.

துறைமுக நாட்டின் சொல்லே இறுதிச் சொல் என்பதை 2020 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. வெஸ்டர்டாம் என்ற கப்பலைக் கோவிட் அச்சத்தால் ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, குவாம் ஆகியவை அனுமதிக்க மறுத்தன. கடைசியில் கம்போடியாவின் சிகனூக்வில் துறைமுகம்தான் இடம் கொடுத்தது. அதே மாதத்தில் யோகோகாமாவில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த டைமண்ட் பிரின்சஸ் கப்பலில், 3,711 பேரில் 700-க்கும் மேற்பட்டோருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. ஆகவே பயணத் திட்டத்தைப் படிக்கும்போது கப்பல் புறப்படும் ஊரையும் முடியும் ஊரையும் மட்டும் பார்க்காமல், இடையில் தொடும் எல்லாத் துறைமுகங்களையும், கப்பலைப் பிடிக்க விமானம் மாறும் நாடுகளையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று நான் கேட்பது வழக்கம். அந்த ஒரு தாள் இருந்தால் ஆலோசனை பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

கோவிட் விதிகளைப் பற்றி இன்னும் பழைய தகவல்களே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச்சில் பயணக் கப்பல்களை நிறுத்தியது. அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. 2022 ஜனவரியில் அதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டது. ஜூலையில் கப்பல்களுக்கான கோவிட் திட்டத்தையே முடித்துக்கொண்டது. அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் எல்லாப் பயணிகளிடமும் தடுப்பூசிச் சான்றையோ முன்பரிசோதனையையோ வற்புறுத்துவதில்லை. இருந்தாலும், தேவைப்பட்டால் எந்த நேரத்திலும் விதியை மாற்றும் உரிமையை அவை ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கின்றன. எனவே முன்பதிவின்போது ஒருமுறையும், புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் ஒருமுறையும் நிறுவனத்தின் தளத்தையே நேரடியாகப் பார்ப்பது நல்லது. நண்பர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பரிசோதனை கேட்கப்படும் சூழ்நிலையில் தடுக்கி விழ வைப்பவை மூன்று. ஒன்று, பரிசோதனையின் வகை: ஆர்டி-பிசிஆர் கேட்கும் இடத்தில் விரைவு ஆன்டிஜன் முடிவு செல்லாது, சில இடங்களில் வீட்டிலேயே செய்துகொண்டதும் செல்லாது. இரண்டு, நேரக் கணக்கு: 'புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பு' என்றால் அது மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா என்று பார்க்க வேண்டும். ஆய்வக அறிக்கையில் இரண்டு நேரங்களும் அச்சாகியிருக்கும்; பயணிகளின் கண் பெரும்பாலும் பிந்தையதில்தான் போய் நிற்கும். மூன்று, அண்மையில் தொற்று வந்து குணமானவர்கள்: நோய் தீர்ந்த பின்னும் வைரஸின் மரபுப் பொருள் துணுக்குகளைப் பிசிஆர் வாரக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்டவர் குணமடைந்ததற்கான மருத்துவச் சான்றை நிறுவனம் ஏற்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

இனி, கொசுவால் பரவும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சல். சான்று கேட்கப்படும் தடுப்பூசிகளில் இன்றும் முதலிடம் இதற்குத்தான். பிரேசில், கொலம்பியா, கானா, செனகல், கென்யா உள்ளிட்ட, தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கும் பல நாடுகள் நோய் பரவும் அபாயம் உள்ளவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் சில, உள்ளே வரும் எல்லோரிடமும் சான்று கேட்கின்றன. நோயே இல்லாத வேறு பல நாடுகளோ, அபாயப் பகுதியிலிருந்து வருபவர்களிடம் மட்டும் கேட்கின்றன. கப்பல் பயணிகள் தவறவிடுவது இந்த இரண்டாம் வகையைத்தான்: முதல் துறைமுகம் எதையும் கேட்டிருக்காது, ஆனால் அங்கே இறங்கி ஏறியதாலேயே மூன்றாம் துறைமுகம் கேட்கும். செல்லத்தக்க சான்று இல்லாத பயணியை, கடைசியாக அபாயப் பகுதியில் இருந்த நாளிலிருந்து 6 நாள் வரை தனிமைப்படுத்த ஒழுங்குமுறைகள் இடமளிக்கின்றன. ஒரு வாரப் பயணத்தில் 6 நாள் என்றால் என்ன மிஞ்சும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சான்று ஒரு மஞ்சள் அட்டையாகத் தரப்படுகிறது; அதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பொருந்த வேண்டும். பயணியின் கையொப்பம், ஊசி போட்டவரின் கையொப்பம், தடுப்பூசியின் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தின் முத்திரை ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். கட்டம் ஒன்று காலியாக இருந்தாலும் அதிகாரி அதை ஏற்க மறுக்கலாம். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். முதல் தவணை போட்டுக்கொண்டு அடுத்த வாரமே ஏறுபவரிடம் அட்டை இருந்தும் இல்லாத கணக்குத்தான். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று ஒழுங்குமுறைகள் மாற்றப்பட்டன. பழைய அட்டையில் '10 ஆண்டுகள்' என்று எழுதியிருந்தாலும் அது காலாவதியாவதில்லை.

உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் கொண்ட ஊசி என்பதால் இது எல்லோருக்கும் உரியதன்று. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பி நோயுள்ளவர்கள், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், 6 மாதம் நிரம்பாத குழந்தைகள் ஆகியோருக்கு இதைப் போடுவதில்லை. 60 வயதைக் கடந்தபின் முதன்முறையாகப் போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். சொகுசுக் கப்பலை விரும்பி ஏறுபவர்களில் கணிசமானோர் இந்த வயதினரே என்பதால், இந்த உரையாடல் என் அறையில் அடிக்கடி நடக்கிறது. அத்தகையவருக்கு மருத்துவ விலக்குச் சான்று எழுதித் தரலாம். ஆனால் அதை ஏற்பதா இல்லையா என்பது அந்தந்த நாட்டின் முடிவு. மேலும், விலக்குச் சான்று கொசுவைத் தடுக்காது. முடக்குவாதத்துக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுக்கும் ஒருவர் அமேசான் ஆற்றில் செல்லும் வழித்தடத்தைத் தேர்ந்திருந்தால், விலக்கு எழுதுவதைவிட வழித்தடத்தை மாற்றச் சொல்வதே என் தேர்வு. இதைச் சொல்லும்போது பலருக்கும் முகம் வாடிவிடும். கட்டிய முன்பணம் ஒரு காரணம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள் என்கிறேன்.

கேட்கப்படாத ஊசிகளில் முதன்மையானது இன்ஃப்ளூயன்சா. பூமியின் இரு பாதிகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே உணவுக்கூடத்தில் அமர்வதால் கப்பலில் கோடைகாலத்திலும் ஃப்ளூ பரவுகிறது. ஊசியின் பலன் கிடைக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். அடுத்தது தட்டம்மை. 2019-இல் ஃப்ரீவிண்ட்ஸ் என்ற கப்பலில் ஒருவருக்கு அது உறுதியானதும், செயின்ட் லூசியா தீவு அரசு யாரையும் கரையிறங்க விடவில்லை. தட்டம்மையையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி இரண்டு தவணை போட்டதற்கான பதிவு இல்லாதவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் உயிருள்ள ஊசி என்பதால், மஞ்சள் காய்ச்சல் ஊசியோடு ஒரே நாளில் போட இயலாவிட்டால் இடையே சுமார் நான்கு வாரங்கள் விட வேண்டும். துறைமுக நகரங்களில் வெளியே சாப்பிடும் திட்டம் இருந்தால் ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகளையும் பேச வேண்டும். இவையெல்லாம் ஒழுங்காக அமைய, பயணத்துக்கு ஆறு வாரம் முன்பாவது வர வேண்டும்.

கப்பலில் பலரும் அஞ்சும் நோரோவைரஸுக்கு இன்னும் ஊசி கிடையாது. தொற்றியபின் 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். ஆல்கஹால் கலந்த கைசுத்திகரிப்பான் இதற்கு அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வாசலில் வைத்திருக்கும் குப்பியை அழுத்திவிட்டு நேராக உணவுத் தட்டை எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பதறும்.

ஏறும் முன் தரப்படும் உடல்நலப் படிவத்தில், அண்மையில் பேதியோ காய்ச்சலோ இருந்ததா என்ற கேள்வி இருக்கும். பயணம் போய்விடுமோ என்று 'இல்லை' என்று குறிப்பவர்கள் இருக்கிறார்கள். 'ஆம்' என்றால் உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதில்லை. கப்பல் மருத்துவர் பார்த்து, தேவைப்பட்டால் பரிசோதித்து, ஏறலாமா என்று சொல்வார். மறைத்து ஏறியபின் நோய் வெளிப்பட்டால் நிலைமை வேறு: கேபினில் தனிமைப்படுத்தப்படுவதோடு, நோயாளிகளின் எண்ணிக்கை கப்பல் தலைவர் கையொப்பமிடும் சுகாதார அறிவிப்பில் ஏறி, அடுத்த துறைமுகத்துக்குப் போகும். பொய்யான விவரம் தந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வழியுண்டு. புறப்படும் வாரத்தில் உடல்நலம் கெட்டால் அன்றே மருத்துவரைப் பார்த்து, தேதியிட்ட சான்று பெற்று, கப்பல் நிறுவனத்துக்கும் காப்பீட்டாருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரத்துக்கான தொகையைக் கோரும்போது அவர்கள் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.