கருவில் ரத்த நோயைக் கண்டறியும் பரிசோதனை: சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்கேன் சென்டரில் மாட்டியிருக்கும் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிவிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துப் படித்தே, கருவில் எந்த மரபணுப் பரிசோதனை செய்தாலும் தப்பு என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். தப்பில்லை. அந்தப் பலகையை மாட்டவைத்த அதே 1994-ஆம் ஆண்டுச் சட்டம்தான் தலசீமியா (ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத நோய்), சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவமாகிவிடும் நோய்) போன்ற ஹீமோகுளோபின் நோய்களைக் கருவிலேயே கண்டறிய அனுமதியும் தருகிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா போல, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோமோடு ஒட்டி வரும் நோய்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

கேட்டவர்களுக்கெல்லாம் செய்துவிட மாட்டார்கள். அதற்குச் சில காரணங்களைச் சட்டமே வகுத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவியின் குடும்பத்தில் மரபு நோய் இருப்பது அவற்றில் ஒன்று. பதிவு பெற்ற மரபியல் மையத்தில் மட்டுமே செய்யலாம்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் கட்டம். முதலில் பார்க்க வேண்டியது கணவன், மனைவி இருவரின் ரத்தத்தை. கேரியர் என்பவர் நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்; நோயாளி அல்ல. கொஞ்சம் சோகை இருக்கலாம், அதுகூட இல்லாமலும் இருக்கலாம். தலசீமியா, சிக்கிள் செல் போன்ற நோய்களில் இருவரும் ஒரே நோயின் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தை நன்றாக இருக்கிறதே என்று அடுத்த முறை சும்மா இருந்துவிடக் கூடாது. கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தொடங்கும்.

ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுவது எச்.பி.எல்.சி. பரிசோதனை. அதன் முடிவில் ‘ஹீமோகுளோபின் ஏ2’ என்று ஒரு வரி இருக்கும். பொதுவாக அது 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். 4-ஐத் தாண்டினால் பீட்டா தலசீமியா கேரியராக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்துக் குறைவு இந்த எண்ணைக் கீழே இழுத்துவிடக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதுவார். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் இந்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். மனைவி கேரியர் என்று தெரிந்த அன்றே கணவரும் ரத்தம் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் இங்கேதான் வாரங்கள் வீணாகின்றன.

வாரங்கள் ஏன் முக்கியம்? நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை 11 முதல் 13 வாரத்துக்குள். அதைத் தவறவிட்டால் 16-ஆவது வாரத்தையொட்டிப் பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு. அதை உங்களிடம் விளக்கிச் சொல்லாமல் ஊசியை எடுக்கக் கூடாது. உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். அதில் கர்ப்பிணிதான் கையெழுத்திட வேண்டும். அதன் நகலும் அவர் கைக்கு வர வேண்டும். தமிழில் படிவம் இல்லை என்றால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

குழந்தைக்கு நோய் இருப்பது உறுதியானால் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான கருக் குறைபாடு உள்ளிட்ட சில காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கு மேல் மருத்துவக் குழுதான் முடிவு செய்யும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதமே போதும். கணவர், மாமியார் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. தொடர்வது என்று முடிவெடுத்தாலும் யாரும் வற்புறுத்த முடியாது. தலசீமியா, சிக்கிள் செல், ஹீமோபிலியா மூன்றும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றன என்பதை அந்தக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கருத்தரிப்பதற்கு முன்பே வழி தேடுபவர்கள், சோதனைக்குழாய் முறையில் உருவான கருவைச் சோதித்த பிறகு கருப்பையில் வைக்கலாம். ஏற்கெனவே தெரிந்த மரபு நோய்க்காக இதைச் செய்ய 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் அனுமதிக்கிறது.

சிக்கிள் செல்லுக்குத் தனித் திட்டமே இருக்கிறது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில் தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள் இருக்கின்றன. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்து, முடிவை அட்டையாகத் தருகிறார்கள். கல்யாணப் பேச்சில் பெண்ணை மட்டும் தள்ளிவைக்க அந்த அட்டையை எடுக்காதீர்கள். மாப்பிள்ளையின் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள்.