ஐம்பது வயதில் வந்த திக்கல்

செல்போனில் பேசும்போது சில நேரம் நம் குரலே கொஞ்சம் பிந்தி நமக்குத் திரும்பக் கேட்கும். உடனே நாக்கு குழறும். சொல்லின் வாலை இழுப்போம், சொன்னதையே இன்னொரு முறை சொல்வோம். கடைசியில் "லைன் சரியில்லை, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவோம். 1950-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்பவர் டேப் ரெக்கார்டரைக் கொண்டு இதைத்தான் செய்து பார்த்தார். பேசுபவரின் குரலை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து அவர் காதிலேயே போட்டார். வாழ்நாளில் திக்கியே அறியாதவர்களும் திக்கத் தொடங்கினார்கள். கருவியை நிறுத்தியதும் பேச்சு பழையபடி ஆனது. அவர்களுக்குப் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. காலக்கணக்கு மட்டும் கலைந்திருந்தது.

பக்கவாதமோ தலைக்காயமோ வந்து, ஐம்பது அறுபது வயதில் முதல்முறையாகத் திக்கத் தொடங்கியவரைப் பார்க்கும்போது இந்தச் சோதனை நினைவில் இருந்தால் நல்லது. ஏனென்றால் வீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது, "பயப்படாதீங்க, நிதானமாப் பேசுங்க" என்பதுதான். அடிபட்டதில் மனசு உடைந்துவிட்டது என்பார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்பவர்களும் உண்டு, வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசிப் பழகச் சொல்பவர்களும் உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதே சிரமமாக இருக்கும். அவர்கள் வாயில் கல்லைப் போடுவது உயிருக்கே ஆபத்து.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

'பம்பரம்' என்று ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வுக்கு உதடு மூடித் திறக்கிறது, ஆனால் தொண்டையில் குரல்நாண் அதிர்வதில்லை. அடுத்து ம்: உதடு மறுபடி மூடுகிறது, மூக்குக்குப் போகும் வழி திறக்கிறது, குரல்நாண் அதிர்கிறது. அடுத்த ப-வுக்கு உதடு மூடியபடியே இருக்க, மூக்கு வழி மட்டும் அடைபடுகிறது. குரல்நாண் அதிர்வதை விடவில்லை. ஒரே எழுத்துதான், ஆனால் இரண்டு ஒலி. பிறகு நாக்கு நுனி எழும்பி ர, மறுபடி உதடு மூடி ம். இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. சாதாரணப் பேச்சில் நாம் நொடிக்கு நான்கு முதல் ஆறு அசைகள் வரை சொல்கிறோம். மூச்சு, தொண்டை, நாக்கு, உதடு, தாடை ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது அசைய வேண்டும். எது எதற்குப் பின் என்பது மட்டும் போதாது, எப்போது என்பதும் வேண்டும்.

அந்த 'எப்போது' என்பதைக் கவனிப்பதில் பெரிய பங்கு பேசல் கேங்லியா (basal ganglia; 'பேசுதல்' இல்லை) என்ற பகுதிக்கு உண்டு. மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்புத் திரள்கள் இவை. மேலே, முன்மூளையில் பேச்சைத் திட்டமிடும் பகுதிகளிலிருந்து செய்தி இவற்றுக்கு இறங்கி வருகிறது. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் வழியாக மறுபடி மேலே போகிறது. இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருந்து, 'இந்த அசை முடிந்தது, அடுத்ததை விடு' என்று சைகை காட்டுகிறது. சைகை பிந்தினால் வாய் அடுத்த ஒலிக்குத் தயாராக நின்றும் நகராது. அல்லது முதல் ஒலியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே இருந்து கேட்கும் நமக்கு அது திக்கல்.

காயம் இந்தச் சுற்றில் எங்கே விழுந்தாலும் பேச்சு தடுக்கலாம். வியட்நாம் போரில் தலையைத் துளைத்த காயம் பட்டு, பல வருடமாகத் திக்கிக்கொண்டிருந்த 10 பேரின் மூளையை ஆராய்ந்து 1987-ல் ஒரு கட்டுரை வந்தது. பேசல் கேங்லியாவின் பகுதியான ஸ்ட்ரையேட்டமும் முன்மூளையின் நரம்பிழைகளும் அதில் முக்கியமாக அடிபட்டன. 2024-ல் நியூசிலாந்தின் கேத்தரின் தெய்ஸ், பின்லாந்தின் யூஹோ யோட்சா குழுவினர் இன்னொரு படி போனார்கள். பக்கவாதத்துக்குப் பின் திக்கியவர்களின் மூளையில் காயம் ஆளுக்கு ஓர் இடத்தில் இருந்தது. ஆனால் அந்த இடங்கள் எல்லாம் ஒரே வலையமைப்பில் கோத்திருந்தன. அதன் நடுவில் இருந்தது, ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியான புட்டமன் இடப்பக்கத்திலும், அதை ஒட்டிய பகுதிகளும். சிறு வயதிலிருந்தே திக்குபவர்களின் மூளையிலும் இதே இடங்களில் மாற்றம் தெரிந்தது. திக்கல் அதிகமாக இருந்தவர்களுக்கு மாற்றமும் அதிகம். பயந்த சுபாவம் என்று ஒரு பிள்ளையை ஒதுக்கிவைத்த எத்தனை வாத்தியார்கள் இதைப் படித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இது அபூர்வமும் இல்லை. தெய்ஸ் முன்பு பெல்ஜியத்தில் இருந்தபோது நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. பக்கவாதம் வந்த 319 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 17 பேருக்குத் திக்கல் வந்திருந்தது. நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல். மொத்தப் பேரில் குறைந்தது 2.5 விழுக்காட்டினருக்கு ஆறு மாதம் கடந்தும் அது போகவில்லை.

ஆக, இப்படி ஒருவர் வந்தால் பேச்சுப் பயிற்சியாளர் முதலில் பயிற்சியைத் தொடங்குவதில்லை. இது உண்மையில் திக்கல்தானா என்று பார்க்கிறார். மூளையில் அடிபட்டால் பேச்சு பல விதத்தில் கெடும். சொல்லே நினைவுக்கு வராமல் "அந்த... அந்த... அது" என்று தேடுவது ஒரு வகை, அஃபேசியா என்பார்கள். தசை தளர்ந்து பேச்சு குழைவது இன்னொன்று. சொல்ல வேண்டியது தெரிந்தும் வாயை எப்படி வைப்பது என்று துழாவுவது வேறொன்று. திக்குபவருக்குச் சொல் தெரியும், வாயை வைக்கவும் தெரியும், சொல் நகராது. சொல்லத்தான் இது எளிது. நேரில் இவை ஒன்றோடொன்று கலந்தே வரும். சொல் கிடைக்காத தவிப்பில் வரும் "அ... அ..." என்பதைத் திக்கல் என்று எண்ணித் தாளப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்காது.

அடுத்து, சில சின்னச் சோதனைகள். ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொல்வார்கள், கிழமைகளைச் சொல்லச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள். ஒரே பத்தியை ஐந்து முறை படிக்கச் சொல்வதும் உண்டு. சிறு வயதுத் திக்கல் உள்ளவருக்குப் படிக்கப் படிக்கத் திக்கல் குறையும், பாட்டில் கிட்டத்தட்ட மறைந்தே போகும். காயத்தால் வந்ததில் இந்தச் சலுகைகள் பெரும்பாலும் இல்லை. 1999-ல் பேச்சு வல்லுநர் நான்சி ஹெல்ம்-எஸ்டாபுரூக்ஸ் தொகுத்த அடையாளங்களில் இதுவும் ஒன்று. சொல்லின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் நடுவிலும் திக்கும், கண் சிமிட்டுவது முகம் சுளிப்பது போன்ற துணைச் சேட்டைகள் அரிது, எரிச்சல் இருக்கும் ஆனால் பதற்றம் இருக்காது என்பவை மற்றவை. 'ஆஃப்', 'தி' மாதிரியான சின்ன இலக்கணச் சொற்களிலும் திக்கும் என்பதும் அதில் உண்டு.

இந்தக் கடைசி அடையாளத்தைத் தமிழில் அப்படியே பொருத்த முடியாது. நம் மொழியில் அந்த வேலையைச் செய்வது தனிச் சொல் இல்லை. சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் 'ஐ', 'க்கு', 'இல்' போன்ற உருபுகள். "மருந்துக்... கு... கு" என்று ஒருவர் வாலில் மாட்டிக்கொண்டால் அதைக் குறித்துக்கொள்வதுதான் தமிழுக்கு ஏற்ற வழி என்பது என் எண்ணம். அடையாளப் பட்டியலை வேதவாக்காக எடுக்கவும் வேண்டாம். 2001-ல் வந்த ஓர் ஆய்வில் பேச்சுப் பதிவுகளை மட்டும் கேட்டு இது எந்த வகைத் திக்கல் என்று பிரிக்கச் சொன்னபோது தேர்ந்தவர்களும் தடுமாறினார்கள்.

மருந்துச் சீட்டையும் வாங்கிப் பார்ப்பார்கள். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின், மனச்சிதைவு நோய்க்கான க்ளோஸபின் போன்ற சில மருந்துகளால் திக்கல் வந்த நோயாளிகள் இருக்கிறார்கள். மருந்தை மாற்றியதும் பேச்சு திரும்பியிருக்கிறது. மாற்ற வேண்டியவர் டாக்டர், நாம் இல்லை. அதிர்ச்சிக்குப் பின் மூளையில் காயமே இல்லாமல் வரும் திக்கலும் உண்டு. அது நடிப்பு இல்லை. அதை அடையாளம் காண ஒரு துப்பு, ஓரிரு அமர்வுகளிலேயே பேச்சு மளமளவென்று தேறிவிடும். காயத்தால் வந்தது பெரும்பாலும் அப்படித் தேறாது.

இனிப் பயிற்சி. பேசல் கேங்லியாவைப் பாதிக்கும் பார்க்கின்சன் நோயால் நடை உறைந்து நிற்பவர், தரையில் கோடுகள் போட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார். வெறும் தரையில் கால் எழாது, கோடு இருந்தால் எழும். பாடுபவர் மனத்துக்குள் வைத்திருக்கும் தாளம் ஒன்று, எதிரே உட்கார்ந்து ஒருவர் கையால் போடும் தாளம் ஒன்று. உள்தாளத்துக்குப் பேசல் கேங்லியா வேண்டும். வெளித்தாளத்தைப் பிடித்துக்கொண்டு போக, சிறுமூளையும் மூளையின் பக்கவாட்டு இயக்கப் பகுதிகளும் உதவுகின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதை. அடிபட்ட இடத்தைப் பயிற்சியாளர் 'சரிசெய்வதில்லை'. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி காட்டுகிறார்.

மேலே சொன்ன அதே நான்சி ஹெல்ம் 1979-ல் விவரித்த ஒரு கருவி எவ்வளவு எளியது என்று பாருங்கள். ஒரு மரப் பலகை, அதில் வரிசையாக வண்ணக் கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவே சற்று உயர்ந்த தடுப்புகள். ஒவ்வோர் அசைக்கும் விரலை ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். தடுப்பு உயர்ந்திருப்பதால் விரல் வழுக்கி ஓட முடியாது. விரல் ஓடாவிட்டால் வாயும் ஓடாது. சொன்னதையே வேகமாகத் திருப்பிச் சொல்லும் ஒருவருக்காகத்தான் அதை முதலில் பயன்படுத்தினார். பிறகு திக்கலுக்கும் வந்தது. அட்டையில் பென்சிலை ஒட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நா-ளைக்-குக் க-டைக்-குப் போ-க-ணும். ஒன்பது அசை, ஒன்பது கட்டம். (யாப்பில் வரும் நேரசை, நிரையசைக் கணக்கு வேறு; இங்கே வாய் ஒரு முறை திறந்து மூடும் அளவே அசை.) ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்களுக்கு இப்படிப் பிரிப்பது கையோடு வந்துவிடும். முதல் நாள் கேட்கச் சகிக்காது, ரோபோ பேசுவது போலத்தான் இருக்கும். "இப்படிப் பேசுறதுக்குத் திக்குறதே மேல்" என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் தட்டுவது அசைக்கு ஒன்று என்பதிலிருந்து சொல்லுக்கு ஒன்று, பிறகு சொற்றொடருக்கு ஒன்று என்று குறையும். பலகை போய்த் தொடையில் விரல் தட்டுவது வரும். எதிரில் இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

இன்னொரு வழி, சொல்லைத் தொடங்கும் விதத்தை மாற்றுவது. க, ச, ட, த, ப என்ற வல்லின எழுத்துகளில் காற்றை எங்கோ அடைத்துத்தான் ஒலியை விடுகிறோம். தடுக்கும்போது இயல்பாகவே இன்னும் அழுத்துவோம், இன்னும் அடைபடும். அழுத்தாமல் உதட்டை லேசாகத் தொடவைப்பது, குரலை மூச்சோடு மெல்லத் தொடங்குவது, உயிரொலியைச் சற்று நீட்டுவது ஆகியவை பயிற்சி. லீயின் தாமதக் கருவிகூட இங்கே வேடம் மாற்றி வருகிறது. தாமதத்தை வெகுவாகக் குறைத்துக் காதில் விட்டால் சிலர் தாமாகவே நிதானித்துத் தடையின்றிப் பேசுகிறார்கள். எல்லோருக்கும் அது ஒத்துவருவதில்லை. பொதுவாகவே இந்தத் துறையில் இருப்பவை ஓரிரு நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்தான். பெரிய சோதனைகள் இல்லை. ஒன்றைச் செய்து பார்த்து, சரிப்படாவிட்டால் அடுத்ததற்குப் போவதே நடைமுறை.

தலைக்காயம் பட்டவர்களிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கற்ற உத்தி நினைவில் இருக்காது. பயிற்சி அறையில் அழகாகப் பேசிவிட்டு, வாசலில் ஆட்டோக்காரரிடம் பேசும்போது மறந்துபோகும். பேசுவதிலும் பேசும் விதத்திலும் ஒரே நேரத்தில் கவனம் வைப்பது அவர்களுக்கு மலையைப் புரட்டுவது மாதிரி. அதனால் மேசையில் ஓர் அட்டை, கையில் ஒரு ரப்பர் வளையம் என்று நினைவூட்ட ஏதாவது வைப்பார்கள். களைத்தால் திக்கல் கூடும் என்பதால் பயிற்சி காலையில், குறைந்த நேரம். வீட்டாருக்கும் பாடம் உண்டு. வாக்கியத்தை அவர்கள் முடித்துக் கொடுக்கக் கூடாது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். "மெதுவாப் பேசுங்க" என்று சொல்வதைவிடத் தாங்களே மெதுவாகப் பேசினால், எதிரே இருப்பவரும் அந்த வேகத்துக்கு இறங்கி வருவார்.

பயிற்சி பெற்ற ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டைத் தேடுபவர்கள், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று காலை திடீரென்று திக்கினால் முதலில் போக வேண்டிய இடம் தெரபிஸ்ட் அறை இல்லை, அவசரச் சிகிச்சைப் பிரிவு. முகம் கோணுகிறதா, கை தளர்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டாம். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கிடுவது மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து இல்லை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து.