ஜார்ஜ் டவுன் ஹெரிட்டேஜ் ஏரியால கடைவீடு: கட்டடத்துக்கு என்ன ரூல், வாடகைக்காரருக்கு என்ன பாதுகாப்பு

மலேசியாவுல பினாங்கு ஜார்ஜ் டவுன்ல பழைய கடைவீட்டுல வாடகைக்கு இருக்கிற நம்மாளுங்க நிறைய பேர்கிட்ட ஒரு நினைப்பு இருக்கு: "இது யுனெஸ்கோ ஏரியா, இங்க யாரும் எதையும் அசைக்க முடியாது." பாதிதான் சரி. கட்டடத்த அசைக்க முடியாது, உள்ள கடை போட்டிருக்கிற உங்கள தாராளமா அசைக்கலாம். சட்டம் ஓட்டுக்கும் சுவருக்கும் காவல் நிக்குது, வாடகைக்காரருக்கு நிக்கல. அதனால கட்டடத்துக்கு என்ன ரூல்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் ஆளுங்க விஷயத்துக்கு வரலாம்.

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேத்து ஒரே பதிவா யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க, பினாங்குல ஜூலை 7 லீவு விடறது அதுக்குத்தான். ஆனா யுனெஸ்கோக்காரங்க வந்து உங்க வீட்டு ஓட்ட எண்ண மாட்டாங்க. தினசரி அதிகாரம் பினாங்கு தீவு மாநகர் மன்றம் கையில, அதாவது எம்பிபிபி. அவங்களுக்குப் பின்னாடி 2005 தேசிய பாரம்பரியச் சட்டம், 1976 நகர் கிராமத் திட்டமிடல் சட்டம், 1974 தெரு வடிகால் கட்டடச் சட்டம், 2011ல பினாங்கு மாநிலம் தனியா போட்ட பாரம்பரியச் சட்டம்னு வரிசையா இருக்கு. இந்த ஏரியாக்குன்னே எழுதின சிறப்புப் பகுதித் திட்டம் 2016ல கெஜட் ஆச்சு, எந்த லாட்ல (மனைல) என்ன செய்யலாம்னு பாக்கணும்னா அதத்தான் பாக்கணும்.

ஏரியா ரெண்டு வளையமா இருக்கு. உள்ள இருக்கிறது கோர் ஸோன், 109.38 ஹெக்டேர், கடலோரத்துல ஆரம்பிச்சு லவ் லேன் வரைக்கும் அந்தப் பக்கம் காட் லெபோ மெலாயு வரைக்கும் வரும். சுத்தி பஃபர் ஸோன், 150.04 ஹெக்டேர். லிட்டில் இந்தியா, குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சூலியா ஸ்திரீட் நாகூர் தர்கா எல்லாம் கோர் உள்ளதான் இருக்கு. பஃபர்ல இருந்தா ரூல் கிடையாதுன்னு சொல்ற கான்ட்ரக்டர நம்பாதீங்க, பாரம்பரியக் கட்டடம்னு பட்டியல் போட்டு வச்சிருக்கிற கட்டடம் அங்கயும் இருக்கு, உயரக் கட்டுப்பாடும் இருக்கு.

உங்க கட்டடம் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கறதுதான் முதல் வேலை. முதல் வகைல கோயில், பள்ளிவாசல், பழைய அரசாங்கக் கட்டடம் மாதிரி தனிச்சிறப்பு உள்ளது வரும். ரெண்டாவது வகைல வர்றது பெரும்பாலும் நம்ம கடைவீடுங்கதான், வரிசை வரிசையா. இந்த ரெண்டையும் இடிக்கவே கூடாது, பழுது பாக்கலாம், உள்ள பயன்பாட்ட மாத்திக்கலாம், அதுவும் அனுமதியோட. மிச்சம் இருக்கிறது காலி நிலமும், பழமைன்னு சொல்ல ஒண்ணும் இல்லாத கட்டடமும், அங்க புதுசா கட்டலாம், ஆனா 18 மீட்டருக்கு மேல போகக்கூடாது, பக்கத்துல பட்டியல் கட்டடம் இருந்தா அதோட உயரத்துக்கு அடங்கித்தான் வரணும். அந்த 18 மீட்டர சாதாரணமா நினைக்காதீங்க, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த கையோட உயரமான ஹோட்டல் திட்டங்களால பெரிய பிரச்சனை ஆகி யுனெஸ்கோ வரைக்கும் போச்சு.

இப்ப பழுது பாக்கற கதை, இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க. பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கீழ மண்ணுல இருந்து ஈரம் செங்கல்ல ஏறும், சுண்ணாம்புப் பூச்சுன்னா அந்த ஈரம் வெளிய போயிடும். நாம என்ன பண்றோம், சுவர் உதிருதுன்னு சிமெண்டு பூசி அதுமேல பிளாஸ்டிக் மாதிரி இருக்கிற பெயிண்ட அடிச்சுடறோம், ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்குது, உப்பு பூத்து செங்கல்லே பொடியா கொட்ட ஆரம்பிக்குது, ரெண்டு மூணு மழைக்காலம் போனா முன்னவிட மோசம். அதனாலதான் சுண்ணாம்புப் பூச்சு போடு, சுவர் மூச்சு விடற பெயிண்ட் அடின்னு சொல்றாங்க, அழகுக்காக மட்டும் சொல்லல. செலவு கூடத்தான், நல்லா சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்கறதும் கஷ்டம்தான், ஒத்துக்கிறேன்.

கூரைக்கு களிமண் ஓடு, தகரம் போட்டு மூடக்கூடாது. நடுவுல வானம் தெரியற முற்றம் இருக்கே, அத ஸ்லாப் போட்டு மூடி ஒரு ரூம் எடுத்துடலாம்னு எல்லாருக்கும் ஆசை வரும், ஆனா நீள நீளமான அந்த வீட்டுக்கு காத்தும் வெளிச்சமும் அந்த ஒரு வழியாதான் வருது, அத மூட விட மாட்டாங்க. முன்பக்க முகப்பு, மர ஜன்னல், மரத்தளம் இதெல்லாமும் கை வைக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய லிஸ்ட்ல வரும். முகப்ப மறைக்கிற மாதிரி பெரிய லைட் போர்டு மாட்டறதுக்கும் தடை, சைன்போர்டுக்கு தனி வழிகாட்டி உண்டு. ஐந்தடி நடைபாதை உங்க கடைக்கு முன்னாடி இருந்தாலும் அது ஜனங்க நடக்கற வழி, துணி ஸ்டாண்டு, மசாலா மூட்டை எல்லாம் அங்க அடுக்கினா எம்பிபிபி ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க, இது ஹெரிட்டேஜ் ரூல் வர்றதுக்கு முன்னாடியே இருக்கிற தகராறு.

சாப்பிடறதுக்கு விக்கிற பறவைக்கூடு தொழிலும் இங்க ஓடிட்டிருந்துச்சு. ஆள் இல்லாத கடைவீட்ட வாங்கி ஜன்னல அடைச்சு, உள்ள ஈரமா வச்சு, ஸ்பீக்கர்ல குருவிச் சத்தம் போட்டு கூடு எடுப்பாங்க, பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் ஊறிப்போகும். 2013 முடியறதுக்குள்ள ஹெரிட்டேஜ் ஏரியால இத மொத்தமா காலி பண்ணணும்னு மாநில அரசு சொல்லிடுச்சு. இப்ப யாராவது அந்த மாதிரி யோசனை சொன்னா கேக்காதீங்க.

அனுமதி வாங்கறது எப்படின்னா, சின்னப் பழுதுன்னாலும் எம்பிபிபில பாரம்பரியப் பாதுகாப்புப் பிரிவுல முதல்ல போய் கேளுங்க, போட்டோ எடுத்துட்டுப் போங்க. பெரிய வேலைன்னா ஆர்க்கிடெக்ட் பிளான் போடணும், கட்டடம் இப்ப என்ன நிலைமைல இருக்குன்னு அறிக்கை கேப்பாங்க, நிபுணர் குழு பாக்கும். பெரிய திட்டத்துக்கு பாரம்பரியத் தாக்க மதிப்பீடும் உண்டு, அதாவது அந்த வேலையால பழைய கட்டடங்களுக்கு என்ன பாதிப்பு வரும்னு கணிக்கிற அறிக்கை. லேட் ஆகும், அதுக்காக ராத்திரியோட ராத்திரியா இடிச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு போனா, திட்டமிடல் சட்டத்துல அனுமதி இல்லாத கட்டுமானத்துக்கு 500,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், இல்ல 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். வேலை வாடகைக்காரர் செஞ்சாரா ஓனர் செஞ்சாரான்னு அப்புறம் சண்டை வரும், அதனால யார் பேர்ல அனுமதி இருக்குன்னு ஒரு காப்பி கையில வச்சுக்கோங்க.

பண உதவி கிடைக்குமான்னு கேப்பீங்க. 2009ல மலேசிய அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானா ஆரம்பிச்ச திங்க் சிட்டிங்கிற அமைப்பு மூலமா 20 மில்லியன் ரிங்கிட் மானியத் திட்டம் ஒண்ணு ஓடுச்சு, நிறைய கட்டடம் அதுல உயிர் பிழைச்சுது. அது முடிஞ்ச கதை. இப்ப வாங்கித் தர்றேன்னு யாராவது ஃபீஸ் கேட்டா காசு குடுக்காதீங்க, எம்பிபிபிலயோ ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்துலயோ நேரா போய் விசாரிங்க, விசாரிக்கறது இலவசம்.

ஆளுங்க விஷயத்துக்கு வருவோம். ஜார்ஜ் டவுன் இவ்வளவு நாள் இடிபடாம நின்னதுக்கு முக்கியக் காரணம் யுனெஸ்கோ இல்ல, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948க்கு முன்னாடி கட்டின வீட்டுக்கு வாடகை ஏத்தவும் முடியாது, ஆள காலி பண்றதும் லேசுல முடியாது, ஓனருக்கு இடிச்சுக் கட்டவும் லாபம் இல்ல. தலைமுறை தலைமுறையா நகைக்கடையும் மளிகைக்கடையும் ஒரே இடத்துல இருந்தது அதாலதான். 1997ல அந்தச் சட்டத்த எடுக்க முடிவாச்சு, 2000 ஜனவரி 1ல இருந்து கட்டுப்பாடு கிடையாது. அப்ப நிறைய குடும்பம் ஃபிளாட்டுக்கு மாறிப் போச்சு. எட்டு வருஷம் கழிச்சு யுனெஸ்கோ வந்துச்சு, கட்டடத்துக்கு மதிப்பு ஏறிச்சு, கூடவே வாடகையும் ஏறிச்சு, மளிகைக்கடை இருந்த இடத்துல கஃபே, பொட்டிக் ஹோட்டல். சுவருக்கு என்ன பெயிண்ட்னு இவ்வளவு யோசிச்சவங்க பூமாலை கட்டற ஆளோட வாடகைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்ங்கிறது என் கருத்து.

அதனால நீங்க நம்ப வேண்டியது உங்க வாடகை ஒப்பந்தத்த. வாய் வார்த்தைல இருக்காதீங்க, எழுதி ஸ்டாம்ப் டூட்டி கட்டிடுங்க, ஸ்டாம்ப் இல்லாத பேப்பர கோர்ட்ல சாட்சியா எடுத்துக்க மாட்டாங்க. 3 வருஷம் வரைக்கும் உள்ள ஒப்பந்தத்த நில அலுவலகத்துல பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல, ஆனா தேசிய நிலச் சட்டப்படி உரிமைப் பத்திரத்துல அத குறிப்பா ஏத்தி வைக்கலாம். ஏத்தி வச்சிருந்தா நடுவுல ஓனர் வேற ஆளுக்கு வித்தாலும் வாங்கினவர் உங்க ஒப்பந்தக் காலம் வரைக்கும் உங்கள மதிச்சுத்தான் ஆகணும். ஏத்தலன்னா புது ஓனர் "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். 3 வருஷத்துக்கு மேலன்னா அது லீஸ், பதிவு பண்ணியே ஆகணும்.

கோயில் நிலம், வக்ஃபு நிலத்துல இருக்கிறவங்களுக்கு ஓனர் பெரும்பாலும் இந்து அறப்பணி வாரியம் அல்லது இஸ்லாமிய சமய மன்றம், அவங்க விதி தனி, அங்கயும் ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு தேதிய பாத்து வச்சுக்கோங்க. படகுத்துறை வீடுங்க நிக்கறது அரசாங்கக் கடல்நிலத்து மேல, தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ்தான், அத தவறாம புதுப்பிக்கணும். ஒப்பந்தம் எழுதறப்பவே இன்னும் ஒண்ணு சேத்துக்கோங்க: கூரை, முகப்பு, சுண்ணாம்பு வேலைக்கு யார் காசு போடறதுன்னு. ஹெரிட்டேஜ் வேலை சாதாரண பழுத விட செலவு ஜாஸ்தி, இத எழுதாம விட்டா ஓடு ஒழுகறப்பதான் சண்டை ஆரம்பிக்கும்.