2.45-க்கு வாசல் மூடும்: சீனப் பிளஸ் டூ மாணவர்களின் ஆங்கிலத் தேர்வு எப்படி நடக்கிறது?

சீனாவில் ஜூன் 7-ம் தேதி தொடங்கும் காவ்காவ் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. மணி அடித்து 15 நிமிடத்துக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாலும் உள்ளே விட்டுவிடுவார்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் அது கிடையாது. 8-ம் தேதி பிற்பகல் 3 மணிக்குத் தேர்வு என்றால் 2.45-க்கே வாசலைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் ஹால் டிக்கெட்டைக் காட்டினாலும், அழுதாலும், போலீஸ் வண்டியிலேயே வந்து இறங்கினாலும் பலன் இல்லை.

காரணம், ஒலிப்பதிவைக் கேட்டு விடை குறிக்கும் ‘கேட்டல்’ பகுதி. 3 மணிக்குத் தேர்வறை ஒலிபெருக்கியில் உரையாடல் ஓடத் தொடங்கிவிடும். நடுவில் ஒருவர் நுழைந்து நாற்காலியை இழுத்தால் அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு கேள்வி போய்விடும்.

காவ்காவ் என்பது பள்ளி முடித்தவர்கள் கல்லூரியில் சேர எழுதும் தேசிய நுழைவுத் தேர்வு. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய், 1977-ல் மீண்டும் வந்தது. 2024-ல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அயல்மொழிக்கு 150. மிச்சம் 300 மாணவர் எடுத்துக்கொள்ளும் மற்றப் பாடங்களுக்கு. அயல்மொழி என்றால் ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரஷ்யன், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவையும் உண்டு. ஆங்கிலம் வராதவர்கள் ஜப்பானியத்துக்கு மாறுவது சமீப ஆண்டுகளில் கூடியிருக்கிறது. சீன எழுத்துகள் அந்த மொழியிலும் புழங்குவதால் பாதிச் சுமை குறையும் என்ற கணக்கு. ஆனாலும் பெரும்பாலானோர் எழுதுவது ஆங்கிலம்தான்.

ஆங்கிலத்துக்கு இந்த இடம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1977-ல் மொழிப் படிப்பில் சேர்பவர்கள் மட்டும் எழுதினால் போதும். பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்களே இல்லாத காலம் அது. 1979-ல் முதன்மைப் பல்கலைக்கழகங்கள் அந்த மதிப்பெண்ணில் 10 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுத்தன. அடுத்த ஆண்டு 30, பிறகு 50, பிறகு 70. 1983-ல்தான் முழு மதிப்பெண்ணும் சேர்ந்தது. கேட்டல் தேர்வு அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, 1990-களின் கடைசியில்தான் எட்டிப் பார்த்தது.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது?

இன்றைய தேசிய வினாத்தாளில் நேரம் 2 மணி. கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50, சொல்லும் இலக்கணமும் சேர்ந்த பகுதிக்கு 30, எழுத்துக்கு 40. கேட்டலும் வாசிப்பும் சேர்ந்தாலே 80, பாதிக்கு மேல். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, அதனால் எதையும் காலியாக விட வேண்டாம்.

கேட்டலில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். கேள்வியும் மூன்று விடைகளும் தாளில் இருக்கும். பேசுவது மட்டும் காதில்தான். முதலில் ஐந்து குட்டி உரையாடல்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஓடும். பிறகு விடை குறிக்கவும் அடுத்த கேள்வியைப் படிக்கவும் சேர்த்து 10 விநாடி. அடுத்த பகுதியில் சற்று நீளமான ஐந்து உரையாடல்கள் அல்லது தனிப்பேச்சுகள், அவற்றுக்கு 15 கேள்விகள். இவை மட்டும் இரண்டு முறை ஓடும். எல்லாம் முடிய ஏறக்குறைய 20 நிமிடம். பிறகு தாளில் குறித்ததை 2பி பென்சிலால் விடைத்தாளுக்கு மாற்ற 2 நிமிடம் தருவார்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு மாதிரிக் கேள்வி வரும். ‘அந்தச் சட்டை என்ன விலை?’ 19.15 பவுண்டா, 9.18 பவுண்டா, 9.15 பவுண்டா? விடை மூன்றாவது, 9 பவுண்டு 15 பென்ஸ். ஆண்டுக்கணக்காக இதே சட்டை, இதே விலை. காவ்காவ் எழுதிய எந்தச் சீனரிடமும் சட்டை விலை கேட்டால் சிரித்துக்கொண்டே இந்தத் தொகையைச் சொல்வார். எழுத்துப் பகுதியிலும் இப்படி ஒரு நிரந்தர ஆள் இருக்கிறார்: லி ஹுவா. ‘நீ லி ஹுவா என்று வைத்துக்கொள், வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம் எழுது’ என்றுதான் கேட்பார்கள். தலைமுறைகள் பட்டம் வாங்கிப் போய்விட்டன, லி ஹுவா மட்டும் இன்னும் பள்ளியை விட்டு வெளியே வரவில்லை.

அந்தச் சட்டைக் கேள்வி எளிது, ஏனென்றால் விலை நேராகக் காதில் விழுகிறது. உண்மையான கேள்விகள் கொஞ்சம் சுற்றிவளைக்கும். நானே ஒன்று அமைத்துக் காட்டுகிறேன். ‘எட்டரை மணி ரயில்தானே?’ என்கிறான் ஒருவன். ‘ஆமாம், ஆனால் இருபது நிமிடம் தாமதமாம்’ என்கிறாள் ஒருத்தி. ரயில் எப்போது கிளம்பும் என்பது கேள்வி. விடைகளில் 8.10, 8.30, 8.50 மூன்றும் இருக்கும். எட்டரை என்ற சொல் காதில் விழுந்ததுமே கை 8.30-ஐக் குறித்துவிடும். சொல்லைப் பிடித்தவரையும் பேச்சைப் பிடித்தவரையும் பிரிப்பதுதான் இதன் வேலை. ஒரே முறைதான் ஓடும் என்பதால், விட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும்.

இதற்காகத்தான் தேர்வு நாட்களில் மையங்களைச் சுற்றி ஹார்ன் அடிக்கத் தடை, கட்டட வேலைகளுக்கு நிறுத்தம், போக்குவரத்துத் திருப்பம் என்று ஊரே அடங்கிக் கிடக்கிறது.

வாசிப்பு: அவசரம் குறைவு, எடை அதிகம்

வாசிப்பில் நான்கு பத்திகள், அவற்றுக்கு 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். முதல் பத்தி பெரும்பாலும் ஓர் அறிவிப்பாகவோ விளம்பரமாகவோ இருக்கும்: அருங்காட்சியக நேரம், கோடைப் பயிற்சிக் கட்டணம் போன்றவை. தேடிப் பிடித்தால் போதும். அடுத்து வருவது ஒருவரின் கதையாக இருக்கலாம். மூன்றாவதும் நான்காவதும் விளக்கக் கட்டுரைகள். நான்காவதில் அறிவியல் ஆய்வு வருவது வழக்கம். நல்ல மாணவர்களும் நேரத்தைத் தொலைப்பது அங்கேதான். கட்டுரையாளரின் மனப்போக்கு என்ன, இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று கேட்பார்கள். வரியைத் தொட்டுக் காட்டி விடை சொல்ல முடியாது.

அதன்பின் ‘ஏழில் ஐந்து’. ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு, ஏழு வாக்கியங்களைக் கீழே கொடுப்பார்கள். எது எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மிச்சமாகும். இங்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். ஒன்றைத் தப்பான இடத்தில் செருகினால் அது இருக்க வேண்டிய இடமும் காலியாகி, ஐந்து மதிப்பெண் ஒரே அடியில் போகும். என்னைக் கேட்டால், தாளிலேயே நேர்மையான பகுதி இதுதான். குருட்டாம்போக்கில் குறித்துத் தப்பிக்க வழி குறைவு. ஒரு பத்தி எப்படிக் கோக்கப்படுகிறது என்று தெரிந்தவருக்கே கைகொடுக்கும்.

எந்த மாகாணத்தில் எழுதுகிறீர்கள்?

மேலே சொன்னது தேசியத் தாள். நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. குவாங்டாங்கில் கேட்டலையும் பேச்சையும் சேர்த்து, ஜூனுக்குப் பல வாரங்கள் முன்பே கணினியில் வைத்துவிடுகிறார்கள். அதற்கு 20 மதிப்பெண். மாணவர் காணொளியைப் பார்த்து அதே போலப் படிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெய்ஜிங்கில் இந்தக் கணினித் தேர்வுக்கு 50 மதிப்பெண். ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு, கூடுதலாக வந்த மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும். ஷாங்காயிலும் ஜெஜியாங்கிலும் ஆங்கிலத் தேர்வையே ஜனவரியில் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை எழுதலாம். இதிலும் நல்லதே கணக்கு. அயல்மொழிக்கு இரண்டு வாய்ப்பு தரலாம் என்று மத்திய அரசு 2014 செப்டம்பரில் வெளியிட்ட சீர்திருத்த ஆவணத்திலிருந்து பிறந்த ஏற்பாடு இது.

இன்னொரு பக்கம், சில மாகாணங்கள் நீண்ட காலம் கேட்டல் மதிப்பெண்ணைச் சேர்க்காமலே விட்டிருந்தன. மீதி 120-ல் எடுத்ததை 1.25-ஆல் பெருக்கி 150-க்கு ஆக்கிவிடுவார்கள். நல்ல ஒலிக்கருவியும் பேசிப் பழகிய ஆசிரியரும் இல்லாத கிராமப் பள்ளிப் பிள்ளைக்கு அது ஒரு பாதுகாப்புதான். ஆனால் அந்தப் பள்ளியில் யாரும் காதுக்குப் பயிற்சி தர மெனக்கெடவும் மாட்டார்கள்.

இதில் சிக்கிக்கொள்பவர்கள் பிழைப்புக்கு வேறு மாகாணம் போனவர்களின் பிள்ளைகள். குடிப்பதிவு, அதாவது அரசிடம் பதிவான சொந்த ஊர், எங்கே இருக்கிறதோ அங்கேதான் தேர்வு எழுத வேண்டும் என்பது அடிப்படை விதி. வேலை பார்க்கும் மாகாணத்திலேயே எழுத வழிசெய்யச் சொல்லி 2012-ல் மத்திய அரசு அறிவுறுத்தியது. ஒவ்வொரு மாகாணமும் தன் நிபந்தனைகளைப் போட்டுக்கொண்டது, பெய்ஜிங், ஷாங்காய் இரண்டும் கடுமையாகவே. நிபந்தனையில் தேறாத பிள்ளை கணினி முன் பேசிப் பழகிவிட்டு, ஊர் திரும்பி வேறு மாதிரித் தாளை எழுத வேண்டியிருக்கும்.

இரண்டு வாய்ப்பு என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: இரண்டு தாள்களும் ஒரே கடினத்தில் இருந்தாக வேண்டும். 2018 நவம்பரில் (அப்போது முதல் வாய்ப்பு நவம்பரில் வந்தது) ஜெஜியாங்கில் ஆங்கிலத் தாள் கடினமாகிவிட்டது என்று சொல்லி, வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகளின் மதிப்பெண்ணை அதிகாரிகள் கூட்டிக் கொடுத்தார்கள். கடினமான கேள்வியைச் சரியாகப் போட்டவருக்கும் தவறவிட்டவருக்கும் இருந்த இடைவெளி கோணலாகிப்போனது. பெற்றோர் கொதித்தெழ, மாகாண அரசு விசாரணை வைத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் கூட்டியதை ரத்து செய்து அசல் மதிப்பெண்ணையே திரும்பத் தந்தார்கள். மாகாணக் கல்வித் துறைத் தலைவர் பதவியிழந்தார்.

காது கேளாதவர்களுக்கு என்ன வழி?

மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகள் 2017-ல் உறுதியாக்கப்பட்டன. பிரெயில் தாளில் எழுதுபவருக்கு 50 சதவீதம் கூடுதல் நேரம். ஆங்கிலம் என்றால் 2 மணி 3 மணியாகும். பெரிய எழுத்துத் தாளோ சாதாரணத் தாளோ பயன்படுத்தும் பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கும், கையால் எழுதச் சிரமப்படுபவர்களுக்கும் 30 சதவீதம். முன்கூட்டியே சான்றுகளுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

காது கேளாத மாணவர் கேட்டல் பகுதியிலிருந்து விலக்குக் கோரலாம். அப்படிப் பெற்றவருக்கு அந்த 30 மதிப்பெண் வீணாவதில்லை. கேட்டல் தவிர்த்த மற்றப் பகுதிகளில் எடுத்ததை மொத்தத்துக்கு விரித்துக் கணக்கிடுவார்கள். 120-க்கு 96 எடுத்தால் 150-க்கு 120. ஆனால் அவரும் 2.45-க்குள் மற்றவர்களோடு உள்ளே வந்தாக வேண்டும். ஒலிப்பதிவு ஓடும் நேரத்தில் தாளைப் புரட்டக் கூடாது, எதையும் எழுதக் கூடாது. தன் காதுக்கு எட்டாத அந்த 20 நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மற்றவர்கள் வாசிப்புப் பக்கத்தைத் திருப்பும்போதுதான் அவரும் முதல் பக்கத்தைத் திறக்கலாம்.