சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது

திருட்டுச் செய்தி எதை எடுத்தாலும் கடைசிப் பத்தி ஒன்றுதான். 'மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' தர்மபுரியோ கிருஷ்ணகிரியோ, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பீரோவை உடைத்தபோது அந்தக் கடைசிப் பத்தியை நேரிலேயே பார்த்தேன். காலை ஆறரை இருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கிய நாய் பீரோவின் கைப்பிடியையும் கீழே கலைந்து கிடந்த புடவைகளையும் மோந்தது. பின்வாசல் வழியாக இறங்கி, சாக்கடை ஓரமாகவே போய், சந்து திரும்பி, மெயின் ரோட்டில் பூட்டிக் கிடந்த டீக்கடை முன்னால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டது. "அதுக்கும் ஒரு டீ சொல்லுங்கப்பா" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. கயிற்றைப் பிடித்திருந்த ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. "அது நின்ன எடந்தாங்க பதிலு. வண்டிய இங்கதான் நிறுத்தியிருக்கான்" என்றார்.

நாய் தேடிப் போவது, சரியாகச் சொன்னால், திருடன் உதிர்த்துவிட்டுப் போன குப்பையை. நம் மேல்தோல் ஓயாமல் செதில் செதிலாக உதிர்கிறது. ஒவ்வொரு செதிலிலும் கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் எண்ணெய்ப்பசை, அவற்றைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள். அவை தின்று கழிக்கும் ஆவிகள்தான் ஆளுக்கு ஆள் மாறும் வாடை. செருப்பு போட்டாலும் கையுறை மாட்டினாலும் செதில் கொட்டுவது நிற்காது. கையுறையால் ரேகையை மறைக்கலாம், ஆளை மறைக்க முடியாது. மிதிபட்ட புல்லும் கிளறிய மண்ணும் தங்கள் பங்குக்குத் தனி வாடை விடும்.

இதைப் படிக்கிற கருவி நாயின் முகத்திலேயே வெளியே தெரிகிறது. மூக்கை நேராகப் பாருங்கள். துளை வட்டமாக முடியாமல் பக்கத்தில் ஒரு கீறலாக நீண்டிருக்கும். உள்ளிழுக்கும் காற்று முன்னால் போகிறது. வெளிவிடும் காற்று அந்தக் கீறல் வழியாகப் பக்கவாட்டில் போய்விடுகிறது. அதனால் மூக்குக்கு முன்னால் இருக்கிற வாடையைத் தன் மூச்சே ஊதிக் கலைப்பதில்லை. மோப்பம் பிடிக்கும் நாய் விநாடிக்குச் சுமார் 5 முறை இப்படி உறிஞ்சுகிறது. உள்ளே போன காற்றும் இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்கு, ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மூக்கின் பின்கோடியில் வாடைக்கென்றே இருக்கிற அறைக்கு. நமக்கு இப்படித் தனி வழி கிடையாது. வாடையை உணரும் செல்கள் நமக்கு 50, 60 லட்சம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நாய்களுக்கு 20 கோடிக்கு மேல்.

வாடை கிடைத்துவிட்டது. திருடன் எந்தப் பக்கம் போனான்? தடம் இரண்டு பக்கமும்தானே நீள்கிறது? 2005-ல் வந்த ஓர் ஆய்வில், தொடர்ச்சியாக 5 காலடிகள் கிடைத்தால் நாய் திசையைச் சொல்லிவிட்டது. முதல் காலடிக்கும் ஐந்தாவதற்கும் இடையில் சில விநாடிகள்தான் இடைவெளி. பிந்தியது ஒரு மயிரிழை புதிது என்று அந்த மூக்குக்குத் தெரிகிறது.

பிறகு ஏன் நிற்கிறது? திருடன் பைக்கில் ஏறியதும் தரையில் செதில் விழுவது அறுந்துபோகிறது; கொட்டுவதைக் காற்று அள்ளிப் போய்விடுகிறது. அடுத்த இடைஞ்சல் வெயில். சித்திரை மாதம் பதினோரு மணிக்கு நம் ஊர்த் தார் ரோட்டில் ஈரம் ஏது? ஈரம் போனால் வாடையும் போயிற்று. சூடேறிய நாய் வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தால், மூக்கால் உறிஞ்சுவது குறைந்துவிடும். விடிந்ததும் நாயைக் கொண்டுவருவது அதற்காகத்தான். ஆனால் என் கணக்கில் பெரிய எதிரி நாம்தான். திருடு போன வீட்டுக்குப் போலீஸ் வருவதற்குள் பக்கத்து வீடு, எதிர் வீடு, பால்காரர், தெருமுனைக் கடைக்காரர் எல்லோரும் பீரோ வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

மிளகாய்ப்பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாயை ஏமாற்றத் தூவிவிட்டுப் போனார்கள் என்று செய்தியில் வரும். மிளகாயின் காரம் வாடை அல்ல, எரிச்சல். அது தொடுவது மோப்ப நரம்பை அல்ல, வலியையும் சூட்டையும் மூளைக்குச் சொல்கிற வேறொரு நரம்பை. நாய் தும்மும், சற்று நேரம் தடுமாறும். ஆனால் கிலோக்கணக்கில் வாங்கினாலும் பொடி வாசல்படி வரைக்கும்தான் வரும். நாயைச் சுற்றி அழைத்துப்போய் அதைத் தாண்டிய இடத்தில் விட்டால் தடம் மறுபடி கிடைக்கலாம்.

கவ்விப் பிடித்த நாயும் இருந்திருக்கிறது. நம் எல்லையைத் தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து, ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று. சண்டையில் பட்ட வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்து, காத்து நின்றது என்கிறது கல்வெட்டு. கோவிவனுக்கு ஒரு வசதி: அந்தக் கள்ளரிடம் பைக் இல்லை.

கஞ்சாவும் வெடிமருந்தும் தேடுகிற நாய்களின் கதை வேறு. அந்த நாய்க்குக் கஞ்சா என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது பந்து. குட்டியிலிருந்தே குறிப்பிட்ட வாடை வரும் இடத்தைக் காட்டினால் பந்து கிடைக்கும் என்று பழக்குகிறார்கள். இந்த நாயிடமும் நாம் 'கவ்விப் பிடி' என்று எதிர்பார்க்கக் கூடாது. வெடிகுண்டு நாய் பிராண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாடை கிடைத்ததும் சத்தமில்லாமல் உட்காரத்தான் அதற்குச் சொல்லித்தருகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாய் வாடையை மட்டும் படிப்பதில்லை, கயிற்றின் மறுமுனையில் இருப்பவரையும் படிக்கிறது. 2011-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் நாயும் பயிற்றுநருமாக 18 ஜோடிகளைச் சோதித்தார்கள். கட்டடத்தில் போதைப்பொருளோ வெடிமருந்தோ எதையும் வைக்கவில்லை. வைத்திருக்கிறோம் என்று பயிற்றுநர்களிடம் மட்டும் சொன்னார்கள். இல்லாத பொருளுக்கு 200-க்கு மேற்பட்ட முறை 'இருக்கிறது' என்று பதில் வந்தது. நம் உச்ச நீதிமன்றமும் நாய் காட்டியதை வைத்து மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே.

வேலை முடிகிற வயது பொதுவாக 8 முதல் 10. 'நாயின் ஒரு வருஷம் நமக்கு ஏழு' என்று சொல்வதை மறந்துவிடுங்கள். நூற்றுச் சொச்சம் நாய்களின், பெரும்பாலும் லேப்ரடார்களின், டி.என்.ஏ.வில் வயதோடு மாறும் வேதிக் குறிகளை எண்ணி 2020-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் நம் 31 வயதுக்குச் சமம். ஆறு வயதில் 60. பத்து வயதில் 68. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. ஆக ஒன்பது வயது வரைக்கும் ஜீப்பில் ஏறி இறங்குகிற நாய், மூன்று வருஷம் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது, அதுவும் பென்ஷன் இல்லாமல்.

முதலில் கைவிடுவது மூக்கு அல்ல, இடுப்பு. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லேப்ரடாருக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் தேய்வது இனத்தோடு வரும் தொல்லை. மோப்ப செல்கள் சாகச் சாகப் புதிதாக முளைப்பதால் மூக்கு கிழடாக நெடுநாள் ஆகும். கால் ஓய்வுக்குப் போய்விட, மூக்கு டியூட்டியிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு அவற்றை எங்கே வைப்பது என்று உலகமே தாமதமாகத்தான் யோசித்தது. அமெரிக்காவில் ராணுவ நாய்களை ஓய்வுக்குப் பின் தத்தெடுக்க 2000-ல்தான் சட்டம் வந்தது. ராபி என்ற நாயின் பெயரில் வந்த சட்டம் அந்த ராபியையே காப்பாற்றவில்லை. நம் ராணுவத்தில் வேலைக்கு உதவாத நாய்களைக் கருணைக்கொலை செய்தது 2015 வாக்கில் வெளியே தெரிந்து, வழக்காகி, பிறகுதான் வழக்கம் மாறியது. 2019-ல் டெல்லி மெட்ரோவில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை தன் ஏழு நாய்களுக்கு விழா எடுத்து வழியனுப்பியது. கூடவே இருந்த பயிற்றுநரே வீட்டுக்குக் கூட்டிப்போவதும் உண்டு.

அப்படி ஒரு வீடு எனக்குத் தெரியும். வெடிகுண்டுப் பிரிவில் இருந்த லேப்ரடார். முகவாய் முழுக்க நரைத்துவிட்டது. முதல் மாதம் சும்மா படுக்கவைத்ததில் சோறு இறங்கவில்லையாம். பிறகு அதன் பயிற்றுநர் தினமும் மாலையில் பிஸ்கட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் ஒளித்துவைக்க ஆரம்பித்தார். அவருக்குத் தோன்றியது சரிதான். மூக்கால் தேடும் விளையாட்டு பழகிய வீட்டு நாய்கள், என்ன இருக்கும் என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி முன்னைவிட நம்பிக்கையாகப் போகின்றன என்று 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது.

போன மாதம் அவரோடு நடந்துபோனேன். எங்கள் பக்கம் கல் குவாரி அதிகம். டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்த ஒரு பழைய எக்ஸ்.எல். வண்டியைத் தாண்டும்போது நாய் நின்றது. சீட்டை மோந்தது. பின்கால் வலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தது. வண்டிக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். குவாரியில் வெடி வைக்கிற ஆள்.

"ஒண்ணுமில்லீங்க, உங்க துணியில இருக்கற மருந்து வாடை" என்று அவரை அனுப்பிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்தார்.

"இன்னுமா பந்து வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"கண்டுபுடிச்சு குடுத்துட்டான். குடுக்காம எப்பிடி?"