பழமைவாதி என்ற சொல்லும் ஒரு பெண் வேட்பாளரும்

ஜப்பானின் முதல் பெண் பிரதமராகச் சனே தகாய்ச்சி 2025 ஒக்டோபர் 21ஆம் திகதி தெரிவானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னிருந்தே நம் வானொலிச் செய்திகளிலும் பத்திரிகைகளிலும் ஒரே தொடர் வந்துகொண்டிருந்தது: 'தாராளவாத ஜனநாயகக் கட்சியின் பழமைவாதப் பெண் வேட்பாளர்'. தாராளம் ஒரு பக்கம், பழமை ஒரு பக்கம், நடுவில் ஒரு பெண். கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வது? கட்சியின் பெயரை ஒருவரும் அவருடைய கொள்கையை இன்னொருவரும் மொழிபெயர்த்து, இருவரும் சந்திக்காமலே செய்தி அச்சுக்குப் போய்விட்டது போலிருக்கிறது.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். விடைத்தாள் ஒன்றில் இப்படி எழுதியிருந்தது: 'பழமைவாதிகள் எனப்படுவோர் பெண்கள் பதவிக்கு வருவதை எதிர்ப்பவர்கள். உதாரணம்: மார்கரெட் தட்சர்.' தட்சரோ பிரித்தானியாவின் அதே 'பழமைவாத'க் கட்சியிலிருந்து பிரதமரான பெண். சிரிக்கலாம். ஆனால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. சொல்லைப் பார்த்து அந்தப் பிள்ளை பொருளைச் சரியாகவே ஊகித்திருக்கிறது. உதாரணம்தான் காலை வாரிவிட்டது. பழமையை வாதிடுகிறவர், அதாவது பெண்ணுக்கு அடுப்படி போதும் என்கிறவர், எப்படிப் பெண்ணுக்கு வாக்களிப்பார், எப்படிப் பெண்ணாகவே இருந்து வாக்குக் கேட்பார்? இந்த முடிச்சு பிரித்தானியாவிலும் இல்லை, ஜப்பானிலும் இல்லை. தமிழில் மட்டும் இருக்கிறது. நாமே போட்ட முடிச்சு.

மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நாம் பழமைவாதி என்று பெயர்த்த கன்சர்வேட்டிவ் என்ற ஆங்கிலச் சொல் 'கொன்செர்வாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. பொருள்: கெடாமல் வைத்திருத்தல், பேணிக் காத்தல். அரசியலில் அது புழங்கத் தொடங்கியது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகுதான். 1818இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷாத்தோபிரியான் பாரிஸில் தொடங்கிய இதழின் பெயரே 'காப்பவர்' என்று பொருள்படுவது. 1830களில் பிரித்தானியாவின் டோரிகள் அதைத் தம் கட்சிக்குச் சூட்டிக்கொண்டார்கள். டோரி என்பதோ அயர்லாந்துக் காட்டுக் கொள்ளையருக்கு வழங்கிய வசைச்சொல். வசையிலிருந்து தப்பி நல்ல பெயர் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். தமிழுக்கு வந்ததும் நாம் அவர்களை மறுபடியும் வசைக்குள்ளேயே தள்ளிவிட்டோம்.

மூலத்தில் பழமை என்ற பொருள் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருப்பது பேணுதல் ஒன்றுதான். எதைப் பேணுவது என்பதை அச்சொல் சொல்லவில்லை. இக்கொள்கைக்குத் தந்தை என்று சொல்லப்படும் எட்மண்ட் பர்க் 1790இல் எழுதியதன் சாரம் இது: மாறிக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. நன்னூலார் 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே' என்றதற்கு இது வெகுதூரம் இல்லை. நன்னூலாரை யாராவது பழமைவாதி என்பார்களா?

ஜப்பானியர் தம் மொழியில் இக்கொள்கையை 'ஹோஷு' என்கிறார்கள். அச்சொல்லின் முதல் எழுத்துக்குப் பேணுதல் என்றும் அடுத்த எழுத்துக்குக் காத்தல் என்றும் பொருள். மின்தூக்கியைச் சோதித்துச் சரிபார்க்கும் பராமரிப்பு வேலைக்கும் அங்கே இதே சொல்தான். ஆக, ஜப்பானியர் காதில் தகாய்ச்சியின் அரசியலுக்குப் 'பராமரிப்பு' என்ற வாடை இருக்கிறது. நம் காதில் ஒட்டடை வாடை.

சிங்களத்திலும் நிலைமை மோசம்தான். அங்கே 'கதானுகதிக' என்பார்கள். போனவர் போன வழியிலேயே போவது என்று பொருள். வடமொழியில் அது யோசிக்காமல் பின்னால் போகிறவரைக் கேலி செய்யும் சொல். மலையகத்தில் சிங்களச் செய்தியைக் கேட்டுத் தமிழில் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். 'கதானுகதிக' காதில் விழுந்த பிறகு 'பழமைவாதி' பொருத்தமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அண்டை வீட்டுக்காரர் தவறிவிட்டார் என்பதற்காக நாமும் தவறத் தேவையில்லை.

இனிப் 'பழமைவாதி'யையே பிரித்துப் பார்ப்போம். முதற்பாதி 'பழமை'. பழமை என்பது காலத்தைக் குறிக்கும். நேற்று முடிந்துபோனதும் பழமைதான், நூறாண்டுக்கு முந்தியதும் பழமைதான். உயிரோடு கையிலிருந்து கைக்கு வருவதைச் சொல்ல அது உதவாது. அதற்கு 'மரபு' இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் கன்று, குட்டி, பறழ் என்று இளமைப் பெயர்களை அடுக்குவது பழங்காலத்தில் அப்படிச் சொன்னார்கள் என்று பதிவு செய்வதற்காக மட்டும் அல்ல. சொல்லி வருவதை அப்படியே சொல்ல வேண்டும் என்பதற்காக. பழசாகிப் போவதும் வழிவழியாக வருவதும் வேறு வேறு. நம் தோட்டங்களில் இன்றும் ஆடப்படும் காமன் கூத்து மரபு. தோட்டத்து மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் எந்திரம் பழமை. முதலாவதைப் பேண ஆட்கள் விரதமிருக்கிறார்கள். இரண்டாவதைப் பேண எவரும் இல்லை.

பிற்பாதி 'வாதி'. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. நம் நாட்டில் கடந்த ஐம்பது ஆண்டுச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு வாதி என்றவுடன் எது நினைவுக்கு வரும்? தீவிரவாதி, பயங்கரவாதி, பிரிவினைவாதி, இனவாதி, சந்தர்ப்பவாதி. 'மிதவாதி' ஒருவர் நடுவில் தலை காட்டுவார், அவரையும் பாராட்டாகச் சொல்கிறார்களா என்பது சந்தேகம். பெண்ணியவாதி, சூழலியல்வாதி என்று நல்லெண்ணத்தோடு ஆக்கியவையும் உண்டு. அவர்களுக்கும் இந்த ஈற்றினால் நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை. பழமையோடு வாதியைச் சேர்த்தால் விளக்கம் வராது, குற்றப்பத்திரம்தான் வரும். அரசியலில் ஒரு நிலைப்பாட்டுக்கு வைக்கும் பெயர் அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் கூச்சமின்றிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'நான் பழமைவாதி, எனக்கு வாக்களியுங்கள்' என்று எந்தத் தமிழ் வேட்பாளராவது மேடையேறிச் சொல்வாரா? பிரித்தானியாவில் அதற்கு நிகரானதைச் சொல்லித்தான் தட்சர் 1979, 1983, 1987 என்று மூன்று பொதுத் தேர்தல்களில் வென்றார்.

தட்சர் என்றதும் மலையகத்தவர் மறக்கக் கூடாத ஒன்று. 1985 ஏப்ரலில் அவர் இலங்கை வந்தது தெல்தெனியவுக்கு அருகே பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்ட விக்டோரியா அணைக்கட்டின் தொடக்க விழாவுக்கு. அந்த நீர்த்தேக்கத்துக்குள்தான் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிப் போனது. ஒரு பழைய ஊரை மூழ்கடித்த அணையின் விழாவுக்கு வந்தவரைப் பழமைவாதி என்று எழுதினால் தெல்தெனியக்காரர் என்ன நினைப்பார்? தம் நாட்டிலும் அவர் எதையும் இருந்தபடி விட்டு வைத்தவர் அல்லர். தொலைத்தொடர்பு நிறுவனத்தை 1984இலும் எரிவாயு நிறுவனத்தை 1986இலும் விற்றார். நிலக்கரிச் சுரங்கங்களை மூடினார். அவரைப் பிடிக்காதவர்கள் சொன்ன குறை, பழமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைவிட எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுகிறார் என்பதுதான்.

அவருக்கு எதிரே நம் சிறிமாவோ பண்டாரநாயக்கவை நிறுத்திப் பாருங்கள். 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமர். கண்டிச் சீமான் குடும்பம், ஒசரிச் சேலை, கணவரின் மறைவால் வந்த தலைமை. நம் மொழிபெயர்ப்பாளரின் அளவுகோலில் இவரைவிடப் பெரிய பழமைவாதி கிடைப்பாரா? ஆனால் பாடசாலைகளையும் எண்ணெய் விநியோகத்தையும் அரசுடைமையாக்கியது இவருடைய அரசு. 1975இல் கம்பனித் தோட்டங்களை எடுத்துக்கொண்டதும் இவருடைய அரசு. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்து மலையகத்து நம்மவரில் 5,25,000 பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்ற உடன்பட்டதும் இவரே. கன்சர்வேட்டிவ் கொள்கைக்கு மறுகரையில் நின்றவர். உடையையும் குடும்பத்தையும் பார்த்துச் சூட்டும் சொல் அரசியலுக்கு உதவாது என்பதற்கு இந்த இரு பெண்களைவிடச் சான்று வேண்டியதில்லை.

தகாய்ச்சியும் அப்படித்தான். தட்சரைத் தம் முன்மாதிரி என்பவர். மணமான தம்பதியர் தனித்தனிக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம்தர வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்ப்பவர். பேரரசர் பதவி ஆண் வழியிலேயே தொடர வேண்டும் என்பவர். இவ்வளவும் மரபைப் பேணும் நிலைப்பாடு, ஐயமில்லை. அதே பெண் இளமையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர், டிரம்ஸ் வாசித்தவர். 'பழமைவாதப் பெண்மணி' என்று வாசித்த ஹட்டன்காரர் மனதில் எழும் உருவத்தின் கையில் ஜெபமாலைதான் இருக்கும், டிரம்ஸ் குச்சி இருக்காது.

மாற்றாகச் சிலர் 'வலதுசாரி' என்று எழுதி நழுவுகிறார்கள். சாரி நல்ல தமிழ். போர்க்களத்தில் வீரரும் குதிரையும் வட்டமிட்டுத் திரிவதைச் சாரி திரிதல் என்பார்கள். ஆனால் வலது, இடது எல்லாம் 1789இல் பிரெஞ்சு மன்றத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்பதிலிருந்து வந்தவை. அது இருக்கையைச் சொல்லும், கொள்கையைச் சொல்லாது. சந்தையை முழுதாகத் திறந்துவிட விரும்புகிறவரும் வலது, கோயில் வழக்கத்தில் கை வைக்காதே என்பவரும் வலது. 'பிற்போக்கு' என்பதோ எதிரியின் சொல். அதைச் செய்தியில் போடுகிறவர் செய்தி எழுதவில்லை, துண்டுப்பிரசுரம் எழுதுகிறார்.

தனித்தமிழ் ஆர்வலர் சிலர் 'மரபுபேணி' என்று ஆக்கியிருக்கிறார்கள். இலக்கணத்தில் குற்றமில்லை. விறகு வெட்டுபவர் விறகுவெட்டி என்றால் மரபு பேணுபவர் மரபுபேணி ஆகலாம்தான். ஆனால் ஆக்கியவர் இலங்கையில் கடைக்குப் போனதில்லை போலும். இங்கே பேணி என்றால் தகர டின். பால்பேணி, மீன்பேணி. 'நமது மரபுபேணி வேட்பாளர் இதோ' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் கூட்டம் திறப்பானைத் தேடும். இலக்கணம் மட்டும் பார்த்து, சொல் போய் விழப்போகும் மண்ணைப் பாராமல் ஆக்குவது இந்தத் தூய்மைக்காரரின் பழைய நோய். எனக்கும் தூய்மையில் விருப்பம் உண்டு. ஆனாலும் தெளிவுதான் முதலில் வர வேண்டும்.

சரி, எதைச் சொல்வது? 'மரபு பேணும்' என்று அடையாகவும் 'மரபு பேணுநர்' என்று பெயராகவும் எழுதலாம். 'பழமை பேணும்' என்று எழுதுவோரும் உண்டு. பேணுதலைக் கண்டுகொண்ட அளவில் அது பாதி சரி, பழமையை விட்டால் முழுதும் சரியாகும். பேணு என்ற வினை நம்மிடம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்குத் 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணி' என்ற 56ஆம் குறள் போதும். (பெண்ணை வீட்டோடு இருத்த மேடையில் எடுத்து வீசப்படும் குறளும் இதுதான். அதற்கு வள்ளுவர் பொறுப்பல்லர்.) காத்தல், பேணல் இரண்டும் அந்த ஒரே அடியில் இருக்கின்றன. விஞ்ஞானப் பாடநூலில் 'சக்திக் காப்பு' என்று எழுதுகிறோம். அரசாங்கத்தில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இருக்கிறது. அவ்விடங்களில் எல்லாம் அதே இலத்தீன் வேரைக் காப்பு என்றும் பாதுகாப்பு என்றும் சரியாகப் பெயர்த்தவர்கள் அரசியல் பக்கத்துக்கு வந்ததும் வனசீவராசிகளுக்குக் கொடுத்த மரியாதையை மனிதருக்குக் கொடுக்க மறுப்பது ஏன்?

எழுத்துப்பிழைக்கும் ஒரு வார்த்தை. பேணுநர் என்பதில் வருவது 'ந'. இயக்குநர், ஓட்டுநர், அனுப்புநர் போல. 'பேணுனர்' என்று எழுதிவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்.

இச்சொல் நமக்கு எதற்கு, ஜப்பானும் பிரித்தானியாவும் எங்கேயோ இருக்கின்றன என்பவர் உண்டு. 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். இருவரும் இடதுபக்கக் கூட்டணியில் நின்றவர்கள். நாளைக்கு இன்னொருத்தி வரலாம். லயம் எனப்படும் தோட்ட வரிசை வீட்டுக்குப் பதிலாகச் சொந்தக் காணியும் அதற்கான உறுதிப் பத்திரமும் வேண்டும், சேமிப்பில் அரசு கை வைக்கக் கூடாது, திருவிழாவும் கூத்தும் பிள்ளைகள் கையில் போய்ச் சேர வேண்டும், எதையும் ஒரே இரவில் புரட்டாதீர்கள் என்று அவள் பேசலாம். கொழுந்து பறித்துக் குடும்பம் நடத்தும் பெண்களில் இப்படி நினைப்பவர் எத்தனையோ பேர். அவளை ஆதரிக்க விரும்பும் தோட்டத்துப் பெண் 'நான் பழமைவாதியின் ஆள்' என்று சொல்ல வேண்டியிருந்தால் வாயைத் திறக்கவே மாட்டாள். அந்தக் கொள்கையோடு எனக்கு உடன்பாடு குறைவு. அதை எதிர்த்துப் பேசுவதற்கும் எனக்கு நேரான ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

வேட்பாளர் என்ற சொல்லில் குறையில்லை. வேட்பு என்பது விருப்பம். முன்பு எழுதிய அபேட்சகர் என்பதும் அதே பொருள்தான். ஆண், பெண் இருபாலுக்கும் பொது. முதல் முறை என்ற செய்திக்குத் தேவைப்பட்டால் 'பெண்' என்று ஒருமுறை சேர்த்தால் போதும். வாக்கியத்துக்கு வாக்கியம் பெண்மணி, சீமாட்டி என்று எழுதுவது தோட்டத்துத் 'துரைசாணி' என்ற விளியைத்தான் நினைவூட்டுகிறது.

கட்சிப் பெயர் கொள்கைப் பெயரோடு குழம்பக் கூடாது. பிரித்தானியக் கட்சியைக் கன்சர்வேட்டிவ் கட்சி என்றே எழுதலாம். தொழிற்கட்சி என்பது வழக்கில் ஊறிவிட்டது, இருக்கட்டும். தகாய்ச்சியின் கட்சி லிபரல் ஜனநாயகக் கட்சி. 'லிபரல் ஜனநாயகக் கட்சியின் மரபு பேணும் வேட்பாளர் சனே தகாய்ச்சி' என்று எழுதிப் பாருங்கள். முதலாவது பெயர், இரண்டாவது கொள்கை என்று உயர்தர மாணவருக்கும் விளங்கும்.