ஸ்ட்ரிங் தியரி காப்பு, விலை 380 வெள்ளி (ரிங்கிட்)

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு இன்னும் ஆறு வாரம். பட்டர்வொர்த்தில் என் டியூஷன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவனின் அம்மா மட்டும் தயங்கி நின்றார். கைப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பு ரப்பர் பட்டையில் செப்பு வில்லை பதித்த காப்பு.

"சார், இதுல உண்மையிலேயே சயின்ஸ் இருக்கா? ஸ்ட்ரிங் தியரியாம். உடம்புல இருக்கிற இழையெல்லாம் சரியா அதிர ஆரம்பிச்சா படிச்சது மறக்காதாம். முந்நூத்தி எண்பது வெள்ளி கொடுத்துட்டேன்."

கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது. இருபது வருடத்துக்கும் மேலாக இயற்பியல் சொல்லித் தருகிறேன். காந்தத் தண்ணீர் வந்து போனது, குவாண்டம் பதக்கம் வந்து போனது. இப்போது இழையின் முறை போலிருக்கிறது. அன்று அந்த அம்மாவிடம் ஐந்து நிமிடத்தில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். காப்பு விற்பவர்களைத் திட்டுவதற்கு மட்டுமில்லை. ஸ்ட்ரிங் தியரி என்கிற இழைக் கோட்பாடு உண்மையில் என்ன சொல்கிறது என்பது காப்புக் கதையைவிடப் பல மடங்கு சுவாரசியம்.

இயற்கையில் அடிப்படை விசைகள் நான்கு. ஈர்ப்பும் மின்காந்தமும் நமக்குத் தெரிந்தவை. மற்ற இரண்டும் அணுக்கருவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துபவை. வலுவிசை குவார்க் என்னும் நுண்துகள்களைக் கட்டிப்போட்டுப் புரோட்டானாக்குகிறது. மெல்விசை புரோட்டானை நியூட்ரானாக மாற்றவல்லது; அது இல்லையென்றால் சூரியன் எரியாது. நான்கிலும் நோஞ்சான் ஈர்ப்புதான். தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைக் காகிதத் துணுக்குக்கு மேலே பிடியுங்கள், துணுக்கு எழும்பி ஒட்டிக்கொள்ளும். கீழே மொத்தப் பூமியும் சேர்ந்து இழுத்தும் ஒரு சீப்பிடம் தோற்றுவிட்டது. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே உள்ள மின்விசை ஈர்ப்பைவிட எத்தனை மடங்கு பெரிது என்றால், 1 எழுதி 36 பூஜ்ஜியம் போடவேண்டும்.

இந்த நான்கும் ஒரே வேரிலிருந்து வந்த கிளைகளா என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு நியாயம் உண்டு, ஏனென்றால் முன்பு இரண்டு முறை விடை கிடைத்திருக்கிறது. மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று இருந்ததை மேக்ஸ்வெல் 1865இல் ஒன்றாக்கினார். ஒளியும் அதிலேயே அடங்கிவிட்டது. மின்காந்தத்தையும் மெல்விசையையும் ஒன்றாகக் காட்டிய கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவருக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. மெல்விசையைச் சுமப்பவை என்று அவர்கள் கணக்கில் எழுதியிருந்த டபிள்யூ, இசட் துகள்கள் 1983இல் ஐரோப்பாவின் செர்ன் துகள் ஆய்வகத்தில் பிடிபட்டன. மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இந்தத் தேதியைத்தான். கணக்கு முதலில் வந்தது, துகள் பிறகு கிடைத்தது. அந்த இரண்டாவது பாதி நடந்த பிறகுதான் 'நிரூபணம்' என்ற சொல்லை வாயில் வைக்கலாம்.

அடுத்த படி வலுவிசையையும் சேர்ப்பது. 1974இல் வந்த முதல் மாதிரிப்படி புரோட்டானும் என்றாவது ஒருநாள் சிதையவேண்டும். அதைத் தேடிய இடங்களில் ஒன்று நமக்கு வேண்டப்பட்ட இடம்: கோலார் தங்கவயல். நம் தாத்தா பாட்டி மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அதே காலத்தில், வட ஆற்காட்டுத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வேலைக்குப் போன சுரங்கம். 1980களில் அங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை அடுக்கிக் காத்திருந்தார்கள். அங்கும் சரி, பின்னால் ஜப்பானில் ஆயிரக்கணக்கான டன் தண்ணீர்த் தொட்டியிலும் சரி, புரோட்டான் சிதைந்தது என்று உறுதியாக ஒன்றும் தேறவில்லை. அந்த முதல் மாதிரியைக் கைவிட்டார்கள். அழகான கணக்குதான். இயற்கை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இழைக் கோட்பாடு பிறந்த கதை இன்னும் வேடிக்கை. 1968இல் வெனெசியானோ என்ற இயற்பியலாளர் வலுவிசைக்காக ஒரு சூத்திரம் எழுதினார். அது அதிரும் இழையைத்தான் வர்ணிக்கிறது என்பதைச் சில ஆண்டுகளில் மற்றவர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் ஒரு தொல்லை. கணக்குப் போடும்போதெல்லாம் நிறையே இல்லாத, சுழற்சி எண் (ஸ்பின்) 2 கொண்ட ஒரு துகள் அழையா விருந்தாளியாக வந்து நின்றது. வலுவிசையில் அப்படி ஒன்று கிடையாது. விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. 1974இல் ஷெர்க்கும் ஷ்வார்ஸும் (ஜப்பானில் யோனேயாவும் தனியாக) கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: ஈர்ப்பைச் சுமந்து செல்லும் துகளுக்கு இருக்கவேண்டிய அங்க அடையாளம் அதுதானே? யாரும் கூப்பிடாமலே ஈர்ப்பு, நுண்துகள்களுக்கான குவாண்டம் கணக்குக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எத்தனை முறை இதைப் பாடமாகச் சொன்னாலும் எனக்கு இந்த இடத்தில் புல்லரிக்கும்.

ஆக, சொல்வது இவ்வளவுதான்: எலெக்ட்ரான், குவார்க், ஒளித்துகள் எல்லாமே ஒரே வகை இழையின் வெவ்வேறு அதிர்வுகள். வீணையில் ஒரே தந்தியிலிருந்து வேறு வேறு சுரம் வருவதுபோல. இந்த உவமையைத்தான் காப்பு விற்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

உவமை எங்கே முறிகிறது என்று பாருங்கள். வழக்கமான கணக்குப்படி இழையின் நீளம் சுமார் 10⁻³⁵ மீட்டர் அளவில் இருக்கும். நமக்குத் தெரிந்த துகள்களெல்லாம் இழையின் மிகத் தாழ்ந்த சுரங்கள். அடுத்த சுரத்துக்கு ஏற்றவேண்டுமானால் ஒரே ஒரு இழைக்குச் சுமார் 540 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். ஏர்கான் ஓடும் என் வீட்டின் ஒரு மாதக் கரண்ட் பில் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஒரு மாதப் பில்லைக் கண்ணுக்கே தெரியாத ஒரு துகளுக்குள் திணிக்கவேண்டும்! பையன் உடம்பில் எத்தனை துகள்? செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடும் துகள் மோதுவிக்கே அந்த ஆற்றலுக்குக் கிட்டத்தட்ட பத்துக் கோடி கோடி மடங்கு குறைவாகத்தான் எட்டுகிறது. ரப்பர் பட்டை எம்மாத்திரம்?

கூடுதல் பரிமாணம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கணக்கு முரணில்லாமல் நிற்க வெளிக்கு ஒன்பது, காலத்துக்கு ஒன்று என்று பத்துப் பரிமாணம் தேவை. நமக்குத் தெரிந்த நான்கு போக மீதி ஆறும் எங்கே? ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுனுக்குப் போகும்போது பினாங்குப் பாலத்தின் கேபிள்களைப் பாருங்கள், பேனாவால் இழுத்த கோடுகள். கிட்டே போனால் ஒவ்வொன்றும் உருண்ட தடித்த குழாய், அதன்மேல் சுற்றி வர ஒரு திசை உண்டு. ஃபெர்ரியிலிருந்து அந்தத் திசை தெரியாது. ஆறு பரிமாணங்களும் அப்படிச் சுருண்டிருக்கலாம் என்பது ஊகம். பேய், ஆவி, முன்ஜென்மம் குடியிருக்கும் இடம் என்று யூடியூபில் சொல்வது அவரவர் கற்பனை.

புலனத்தில் (வாட்ஸ்அப்) இன்னொன்றும் சுற்றுகிறது: "இழைக் கோட்பாட்டை நம் முன்னோர் அறிந்திருந்ததால் செர்னில் நடராஜரை வைத்தார்கள்." சிலை இருப்பது உண்மை. 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. பார்க்க அழகாக இருக்கும். அதற்கும் இழைக்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் இழைக் கோட்பாடே வெறும் கற்பனையா என்று சில மாணவர்கள் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அதுவும் அவசரம். 1996இல் ஸ்ட்ராமிங்கரும் வாஃபாவும் ஒரு வகைக் கருந்துளையின் என்ட்ரோபியை (உள்ளே எத்தனை விதமான அமைப்புகள் ஒளிந்திருக்கலாம் என்பதன் அளவு) இழைகளை வைத்து எண்ணிப் பார்த்தபோது, பெக்கன்ஸ்டைன், ஹாக்கிங் இருவரும் 1970களில் முற்றிலும் வேறு வழியில் தந்த சூத்திரம் அப்படியே வந்தது. தற்செயலாக வரக்கூடிய ஒப்புமை இல்லை அது. ஆனால் கணக்குக்கும் கணக்குக்கும் ஒத்துப்போனது வேறு, கருவியில் தெரிந்தது வேறு. ஆறு பரிமாணங்களைச் சுருட்டுவதற்கு 10⁵⁰⁰ அளவில் வழிகள் இருக்கலாம் என்கிறார்கள். நம் பிரபஞ்சம் அதில் எது என்று சொல்ல முடியவில்லை. தெரிந்த துகள் ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக எதிர்பார்த்த மீச்சமச்சீர் துகள்களும் செர்னில் இன்றுவரை தட்டுப்படவில்லை. இழைக் கோட்பாட்டுக்காக இதுவரை யாருக்கும் நோபல் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அதில் ஆயுளைச் செலவழித்தவர்களே "இன்னும் சோதிக்கப்படவில்லை" என்கிறார்கள். கடைக்காரர் மட்டும் "நிரூபிச்சாச்சு" என்கிறார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பர்ஸை மூடிவிடுங்கள்.

அந்த அம்மா விற்றவருக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். எடுக்கவில்லை. மறு வாரம் பையன் காப்பை வகுப்புக்குக் கொண்டுவந்து, "சார், நீங்களே வச்சுக்குங்க" என்று மேசைமேல் போட்டான். அன்று படிவம் ஆறு மாணவர்களுக்கு நிலை அலைப் (நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் அலை) பரிசோதனை. ஒரு முனையில் அதிர்வி, மறுமுனையில் கப்பி, கப்பிக்குக் கீழே நூலை இழுத்துப் பிடிக்க எடைக்கல். எடைக்கல்லுக்குப் பதிலாக அந்தக் காப்பைத் தொங்கவிட்டோம். தராசில் சரியாக 40 கிராம் காட்டியது. அதிர்வியை 50 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு நீளத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே வந்தோம். 84 சென்டிமீட்டரில் நூல் திடீரென்று மூன்று புடைப்பாகப் பிரிந்து நின்றது, நடுவே இரண்டு கணுவும் அசையவே இல்லை. பையன் போனை எடுத்துப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினான். கீழே எழுதியிருந்தது: "மா, அதிருது."